மெசோன் ஜான்சென்: ஒரு பிரெஞ்சு அலங்கார நிறுவனமும் அதன் பழைய அறைகலன்களும்

ஏல நிறுவனங்களும் பழம்பொருள் வணிகர்களும் வெளியிடும் விற்பனைப் பட்டியல்களைப் புரட்டுகிறவர்களின் கண்ணில் ஒரு வகைக் குறிப்பு அடிக்கடி படும்: ‘தாழ்மேசை, பித்தளையும் கண்ணாடியும், பிரான்ஸ், 1960 வாக்கில், மெசோன் ஜான்செனுடையதாகக் கருதப்படுவது.’ புதிதாக இத்துறைக்குள் வருகிறவருக்கு இந்த ஒற்றை வரியில் எதுவுமே எளிதில் பிடிபடுவதில்லை. ஜான்சென் என்பவர் யார், அவர் தச்சரா, வடிவமைப்பாளரா, வணிகரா? ‘மெசோன்’ என்ற முன்னொட்டு எதைக் குறிக்கிறது? பதினெட்டாம் நூற்றாண்டுச் சாயலில் இருக்கும் மேசைக்கு 1960 என்று எப்படிக் காலம் குறிக்கிறார்கள்? ‘உடையது’ என்று உறுதியாகச் சொல்லாமல் ‘கருதப்படுவது’ என்று ஏன் தயங்குகிறார்கள்? இந்த வரியைத் தானாகவே படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்கு வாசகரை அழைத்துச் செல்வதே இக்கட்டுரையின் வேலை.

தொடங்குமுன் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. நாற்காலி, மேசை, அலமாரி முதலியவற்றை நாம் பேச்சில் மரச்சாமான் என்கிறோம். ஆனால் இங்கே பேசப்படும் பொருள்களில் பல முழுக்க முழுக்கப் பித்தளையாலும் எஃகாலும் கண்ணாடியாலும் ஆனவை. ஆகவே அறைகலன் என்ற சொல்லையே பயன்படுத்துகிறேன். ஓர் அறைக்குள் வைக்கப்படுவதற்காகவே பிறந்த கலன் என்ற அதன் பொருள் இந்த நிறுவனத்தின் வரலாற்றுக்கு மிக நன்றாகவே பொருந்துகிறது.

‘மெசோன்’ என்றால் பிரெஞ்சு மொழியில் வீடு. வணிகத்தில் அது, நிறுவியவரின் பெயரைச் சுமந்துகொண்டு, அவருக்குப் பின்னும் அதே தரத்தையும் ரசனையையும் காப்பாற்றிவரும் நிறுவனத்தைக் குறிக்கும். ஆடை, வாசனைத் திரவியம், நகை ஆகிய தொழில்களிலும் பிரெஞ்சுக்காரர்கள் இச்சொல்லையே ஆள்கிறார்கள். மெசோன் ஜான்சென் அவ்வாறு உள் அலங்காரத்துக்கென்று அமைந்த ஒரு ‘வீடு’. 1880-இல் பாரிஸில் தொடங்கப்பட்டு, 1989-இல் மூடப்படும்வரை நூறாண்டுகளுக்கும் மேலாக அது இயங்கியது. இதை ஓர் அறைகலன் தொழிற்சாலை என்று எண்ணிக்கொண்டு அணுகுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் பிழை. ஜான்செனிடம் வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் நாற்காலி வாங்க வரவில்லை. ஓர் அறையை, சில வேளைகளில் ஒரு மாளிகையையே, முழுமையாக ஒப்படைக்க வந்தார்கள். சுவரின் மரப்பலகை, கூரைச் சித்திரவேலை, திரைச்சீலை, அதன் ஓரத்தில் தொங்கும் குஞ்சம், விளக்கு, கம்பளம், நாற்காலி ஆகிய அனைத்தையும் ஒரே மனம் தீர்மானித்துப் பல கைகள் செய்துமுடித்தன. அந்த ஒழுங்கிலிருந்து பிரிந்து இன்று தனியாக விற்பனைக்கு வரும் ஒரு மேசையைத்தான் நாம் ‘ஜான்சென் மேசை’ என்கிறோம்.

இப்படியொரு நிறுவனம் திடீரென்று முளைத்துவிடவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டுப் பாரிஸில் தச்சுத் தொழில் கறாரான பிரிவினைகளோடு நடந்தது. நாற்காலிச் சட்டங்களைப் போன்ற முழுமரப் பொருள்களைச் செய்தவர் ‘மெனுயிசியே’ எனப்பட்டார். அலமாரி, மேசை முதலியவற்றின்மேல் விலையுயர்ந்த மரத்தை மெல்லிய ஏடாகச் சீவி ஒட்டி அழகுசெய்தவர் ‘எபெனிஸ்த்’. இந்த இரண்டாவது பெயர் எபனி என்னும் கருங்காலி மரத்திலிருந்து வந்தது. பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸின் மிக உயர்ந்த அலமாரிகள் கருங்காலி ஏடு போர்த்தப்பட்டிருந்ததால், அந்த மரத்தின் பெயரே தொழிலின் பெயராயிற்று. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இயற்கையாக வளரும் மரங்களில் ஒன்று, உலகம் எபனி என்று அறியும் கருமரங்களுள் முதன்மையானது என்பது தமிழ் வாசகர்களுக்கு மகிழ்ச்சி தரக்கூடிய செய்தி.

இவர்களைத் தவிர, வெண்கல வார்ப்பை உளியால் செதுக்கி நயமாக்குபவர், தங்க முலாம் பூசுபவர், தங்க ரேக்கு ஒட்டுபவர், மெத்தை தைப்பவர், நாடாவும் குஞ்சமும் பின்னுபவர் என்று தனித்தனித் தொழிலாளர் குழுக்கள் இருந்தன. ஒரு குழுவின் வேலையில் இன்னொரு குழு கைவைக்கக்கூடாது. தச்சர் சங்கத்தில் தேர்ச்சி பெற்றவர்கள் தங்கள் பெயரைப் பொருளின் அடியில் முத்திரையாகக் குத்தவேண்டும் என்ற விதி 1743-இல் வகுக்கப்பட்டு, சில ஆண்டுகளில் நடைமுறைக்கு வந்தது. புரட்சிக் காலத்தில், 1791-இல், தொழிற்சங்கங்கள் ஒழிக்கப்பட்டபோது அந்தக் கட்டாயமும் போயிற்று. பழைய நாற்காலிகளைக் குப்புறக் கவிழ்த்துப் பார்க்கும் வழக்கம் அந்த முத்திரையைத் தேடித்தான் உண்டானது.

இத்தனை பிரிவினைகளுக்கும் நடுவே, யாருடைய வேலையையும் தம் கையால் செய்யாமல், எல்லாரையும் இணைத்து வேலை வாங்கும் ஒருவர் தேவைப்பட்டார். அவரே ‘மர்ஷான் மெர்சியே’ என்ற வணிகர். ஜப்பானிய அரக்குப் பலகையை ஓரிடத்தில் வாங்கி, பிரான்ஸின் செவ்ர் ஆலையில் செய்த பீங்கான் தகட்டை வேறிடத்தில் வாங்கி, இரண்டையும் எபெனிஸ்திடம் தந்து, அதற்கு வெண்கல விளிம்பை இன்னொருவரிடம் வார்க்கச் செய்து, இதுவரை யாரும் பார்த்திராத ஓர் அலமாரியை அரசவைக்கு அவர் கொண்டுசேர்த்தார். எல்லாவற்றையும் விற்பவர், எதையும் செய்யாதவர் என்று அவர்களைப் பற்றி அக்காலத்தில் ஒரு பேச்சு உண்டு. அது நியாயமான மதிப்பீடு என்று எனக்குத் தோன்றவில்லை. எந்தப் பொருளை எந்தப் பொருளோடு சேர்ப்பது என்று அறிந்திருப்பதும் ஒரு செய்கைதான். மெசோன் ஜான்சென், இந்த மர்ஷான் மெர்சியேயின் பத்தொன்பது, இருபதாம் நூற்றாண்டு வாரிசு என்று புரிந்துகொண்டால் மற்றவை எளிதாகிவிடும்.

நிறுவனர் ழான் ஆன்ரி ஜான்சென் நெதர்லாந்தில் பிறந்து பாரிஸில் தொழில் தொடங்கியவர், 1928-இல் மறைந்தார். தொடக்கத்தில் அன்றைய புதிய மோகங்களான ஜப்பானியச் சாயல், துருக்கியச் சாயல் முதலியவற்றையும் அந்நிறுவனம் கையாண்டது. பிறகு அது எடுத்த ஒரு முடிவு அதன் போக்கையே மாற்றியது. உண்மையான பழம்பொருள்களை வாங்கி விற்கும் ஒரு பிரிவை அது தனக்குள்ளேயே அமைத்துக்கொண்டது. பதினெட்டாம் நூற்றாண்டின் சிறந்த பொருள்கள் இதனால் தொடர்ந்து அதன் கைகளுக்குள் வந்துபோயின. பட்டறையில் வேலை செய்தவர்கள் புத்தகப் படங்களைப் பார்த்துக் கற்கவேண்டியிருக்கவில்லை. பதினாறாம் லூயி காலத்து நாற்காலியின் கழுந்து எப்படித் துளையில் இறங்குகிறது, அதன் பின்கால் எந்த இடத்தில் வளையத் தொடங்குகிறது, இருநூறு ஆண்டு கைபட்ட மரத்தின் மெருகு எந்த நிறத்துக்கு வருகிறது என்பதையெல்லாம் பொருளையே தொட்டுப் பார்த்து அறிந்துகொண்டார்கள். பாரிஸில் கொன்கோர்த் சதுக்கத்தையும் மத்லேன் தேவாலயத்தையும் இணைக்கும் ருவயால் தெருவில் காட்சியகம், சொந்தப் பட்டறைகள், காலப்போக்கில் லண்டன், நியூயார்க், புவெனஸ் ஐரிஸ், ஹவானா, கெய்ரோ, அலெக்சாந்திரியா போன்ற நகரங்களில் கிளைகள் என்று அது வளர்ந்தது.

இங்கே பிரெஞ்சுப் பாணிகளைப் பற்றிச் சற்றேனும் சொல்லியாக வேண்டும். ஏனெனில் ஜான்செனின் மொழி முழுவதும் அவற்றின் சொற்களால் ஆனது. பதினைந்தாம் லூயி (1715–1774) பாணியில் நேர்கோடே அரிது. கால்கள் எஸ் வடிவில் வளையும், விளிம்புகள் இலையும் கொடியுமாக ஓடும், இடம் வலம் சரிசமமாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இராது. பதினாறாம் லூயி (1774–1792) பாணியில் கால்கள் நேராகி, கீழ்நோக்கிக் குறுகி, நெடுக்கில் வரிப்பள்ளங்கள் பெறும். கிரேக்க, ரோமானியத் தூண்களின் நினைவு அதில் உண்டு. இந்த மாற்றம் அவ்வரசர் பட்டமேறுவதற்கு முன்பே, 1760-களிலேயே தொடங்கிவிட்டது என்பதால் பாணியின் பெயரையும் ஆட்சியாண்டையும் ஒன்றாகக் கருதிவிடக்கூடாது. புரட்சிக்குப் பின் வந்த சில ஆண்டுகளின் ‘திரெக்துவார்’ பாணி மெலிந்தது, சிக்கனமானது; எக்ஸ் வடிவக் கால்களும் அம்பு, ஈட்டி போன்ற படை அடையாளங்களும் அதில் மிகுதி. நெப்போலியனின் எம்பயர் பாணியில் செம்பழுப்பு மஹோகனியும் அதன்மேல் பொன்னிற வெண்கலப் பதிப்புகளுமாகக் கனமும் கம்பீரமும் கூடும். இந்நான்கில் ஜான்சென் மிகவும் நேசித்தது பதினாறாம் லூயியையும் திரெக்துவாரையும் என்பது என் கணிப்பு. அதன் பிற்காலப் பொருள்களைப் பார்த்தால் அது தெரியும்.

நிறுவனத்தை அதன் உச்சத்துக்குக் கொண்டுசென்றவர் ஸ்தெஃபான் பூதேன் (1888–1967). 1920-களில் உள்ளே வந்து, 1930-களின் நடுப்பகுதியிலிருந்து கால் நூற்றாண்டுக் காலம் அதை வழிநடத்தினார். அவருடைய தந்தை குஞ்சம், நாடா, பின்னல்விளிம்பு ஆகியவற்றைத் தயாரித்தவர். இது சிறிய வாழ்க்கைக் குறிப்புபோலத் தோன்றினாலும் அவருடைய அறைகளைப் புரிந்துகொள்ள இதுவே திறவுகோல். திரைச்சீலையின் மடிப்பு எந்த எடையில் விழவேண்டும், பட்டின் நிறத்துக்கு எத்தனை இழை தள்ளி நாடாவின் நிறம் இருக்கவேண்டும் என்று கவலைப்படும் பயிற்சி அவருக்குச் சிறுவயதிலேயே கிடைத்திருந்தது. மரவேலையில் பெயர்பெற்ற வடிவமைப்பாளர்கள் பலர் துணியைக் கடைசியில் நினைப்பார்கள். பூதேன் துணியிலிருந்து தொடங்கக்கூடியவர்.

அவர் காலத்துப் பணிகளில் நான்கைச் சொன்னால் நிறுவனத்தின் வீச்சு விளங்கும். 1930-களின் நடுவில் லண்டன் பெல்கிரேவ் சதுக்கத்தில் அரசியல்வாதி ஹென்றி சானன் என்பவரின் வீட்டுக்கு ஓர் உணவறை செய்தார்கள். மியூனிக் நகரின் நிம்பன்பர்க் அரண்மனைப் பூங்காவில் உள்ள அமாலியன்பர்க் என்ற பதினெட்டாம் நூற்றாண்டு வேட்டை மாளிகையின் வெள்ளியும் நீலமும் கலந்த கண்ணாடி மண்டபம் அதற்கு மூலம். இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் உள்ள லீட்ஸ் கோட்டையை 1926-இல் வாங்கிய லேடி பெய்லிக்காக அதே பூதேன் செய்த வேலை முற்றிலும் வேறு மாதிரியானது. அங்கே பளபளப்பைக் காட்டாமல், பல தலைமுறை வாழ்ந்த வீட்டின் ஆறுதலைக் கொண்டுவர வேண்டியிருந்தது. பெல்கிரேடில் யூகோஸ்லாவிய இளவரசர் பாவ்லெக்காக 1930-களில் எழுந்த வெள்ளை மாளிகையான பேலி த்வோர், அரச குடும்பத்துக்கு ஏற்ற சம்பிரதாயத்தைக் கேட்டது. அதையும் ஜான்சென் அலங்கரித்தது. பிரிட்டிஷ் அரியணையைத் துறந்த வின்ட்சர் கோமகனும் அவர் மனைவியும் பிரான்ஸில் வாழ்ந்த வீடுகளிலும் அந்நிறுவனத்தின் கை இருந்தது. இவை நான்கையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ‘ஜான்சென் பாணி’ என்று ஒன்றைச் சுட்டிக்காட்டுவது கடினம். 1920-களில் பாரிஸில் புகழ்பெற்றிருந்த அறைகலன் வடிவமைப்பாளர் எமில் ழாக் ருல்மானின் அலமாரியை எங்கே கண்டாலும் அவருடையது என்று சொல்லிவிடலாம், ஏனெனில் அவர் தமக்கென்று ஒரு வடிவத்தை உருவாக்கினார். ஜான்சென் உருவாக்கியது ஒரு தரத்தை. வடிவத்தை வாடிக்கையாளரும் வீடும் நாடும் தீர்மானித்தன.

மிக விரிவாகப் பேசப்படும் பணி வாஷிங்டனில் உள்ள அமெரிக்க அதிபரின் வெள்ளை மாளிகை. 1961-இல் அதிபரின் மனைவி ஜாக்குலின் கென்னடி அந்த மாளிகையின் அறைகளுக்கு வரலாற்று உணர்வைத் திருப்பித்தர முனைந்தபோது, வெளிப்படையான வழிகாட்டியாக அமெரிக்கப் பழம்பொருள்களின் பெரும் அறிஞரான ஹென்றி பிரான்சிஸ் டு பான்ட் குழுத்தலைவராக நியமிக்கப்பட்டார். அறைகளின் தோற்றத்தில் பல முடிவுகளை எடுத்தவரோ பூதேன். அமெரிக்கத் தேசிய அடையாளமான ஒரு கட்டடத்தை பிரெஞ்சுக்காரர் ஒருவர் அலங்கரிப்பது அரசியல் சங்கடத்தை உண்டாக்கும் என்பதால் அவருடைய பங்கு அடக்கியே பேசப்பட்டது. இருவருக்கும் இடையே இருந்த கருத்து வேறுபாடு, கற்பவருக்குப் பெரிய பாடம். டு பான்ட் ஒவ்வொரு பொருளும் அந்தக் காலத்தைச் சேர்ந்ததா, சான்று உண்டா என்று கேட்டார். பூதேன் அறைக்குள் நுழையும்போது கண் எங்கே போகிறது என்று கேட்டார். ஒருவர் அருங்காட்சியகத்தின் தருக்கத்திலும் மற்றவர் வாழும் மாளிகையின் தருக்கத்திலும் நின்றார்கள்.

நீல அறையில் பூதேன் செய்தது இதற்கு நல்ல சான்று. பெயரே நீல அறையாக இருந்தும் சுவர்களுக்கு அவர் வெளிர்நிறக் கோடுபோட்ட பட்டுத்துணியைப் போர்த்தினார். நீலத்தை மேல்விளிம்புத் திரைக்கும் இருக்கைகளுக்கும் மட்டுமே ஒதுக்கினார். விமரிசனம் எழுந்தது. ஆனால் அந்த வெளிர்ச்சுவரின் முன்னால்தான் பொன்முலாம் பூசிய நாற்காலிகள் தெளிவாக எடுத்துக்காட்டப்பட்டன. அந்த நாற்காலிகளுக்கும் ஒரு கதை உண்டு. அதிபர் ஜேம்ஸ் மன்றோ 1817-இல் பாரிஸின் தச்சர் பியேர் அந்துவான் பெலான்ஷே என்பவரிடமிருந்து இந்த அறைக்கென்றே ஓர் அறைகலன் தொகுதியை வரவழைத்தார். பின்னாளில் அவற்றில் பெரும்பாலானவை மாளிகையை விட்டு வெளியேறிவிட்டன. கென்னடி காலத்தில் சில மூல நாற்காலிகள் மீட்கப்பட்டன. போதாதவற்றுக்கு அவற்றைப் பார்த்துப் பிரதிகள் செய்யப்பட்டன. மூலமும் பிரதியும் ஒரே அறையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அதிபரின் அலுவலறைக்கும் பூதேன் புதிய திட்டம் தந்திருந்தார். 1963 நவம்பரில் கென்னடி டெக்சஸ் பயணம் சென்றிருந்தபோது அங்கே சிவப்புக் கம்பளம் விரிக்கப்பட்டது. அவர் அதைப் பார்க்கத் திரும்பி வரவில்லை.

பிரதி என்ற சொல் வந்துவிட்டதால் அதைப் பற்றி நின்று பேசவேண்டும். பழம்பொருள் உலகில் புதியவர்களுக்குக் கற்றுத்தரப்படும் முதல் பாடம், மூலம் மதிப்புடையது, பிரதி மதிப்பற்றது என்பது. ஜான்செனைப் பொறுத்தவரை அந்தப் பாடம் பாதி வழியில் நின்றுவிடுகிறது. ஒரு வாடிக்கையாளரின் உணவறைக்கு இருபது நாற்காலிகள் தேவை, உண்மையான பதினெட்டாம் நூற்றாண்டு நாற்காலிகள் எட்டு மட்டுமே கிடைத்தன என்றால், மீதிப் பன்னிரண்டை அதே மரத்தில், அதே பொருத்தில், அதே மெருகில் பட்டறை செய்துதந்தது. சில நேரங்களில் பழைய பொருளே கிடையாது. பதினாறாம் லூயி காலத்தில் யாரும் நினைத்திராத தேநீர்த் தாழ்மேசையை அந்தக் காலத்துச் சொற்களைக் கொண்டே புதிதாக இயற்றினார்கள். முன்னது பிரதி, பின்னது மரபிலக்கணத்தில் எழுதிய புதுச் செய்யுள். இரண்டையும் ஏமாற்று வேலை என்று சொல்ல முடியாது, ஏனெனில் பழையதென்று சொல்லி அவை விற்கப்படாதவரை அங்கே ஏமாற்றம் இல்லை. வேண்டுமென்றே பழையதாகக் காட்டி விற்பது வேறு. அது எக்காலத்திலும் மோசடியே.

அப்படியானால் ‘விண்டேஜ்’ என்றும் ‘ஆன்டிக்’ என்றும் பிரிப்பது எப்படி? வணிக வழக்கில் நூறு ஆண்டு கடந்தது ஆன்டிக். அதற்குக் குறைந்த, ஆனால் தனக்கென ஒரு காலச்சுவை பெற்றுவிட்ட பொருள் விண்டேஜ். ஆகவே 1890-இல் ஜான்சென் செய்த எழுதுமேசை இன்று ஆன்டிக். 1960-இல் செய்தது விண்டேஜ். இரண்டும் பதினாறாம் லூயி பாணியில் இருக்கலாம். பாணி ஒரு காலத்தையும் செய்கை வேறொரு காலத்தையும் சேர்ந்ததாக இருக்கலாம் என்ற இந்த ஒரு கருத்தை மனத்தில் பதித்துக்கொண்டால் விற்பனைப் பட்டியல்களின் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இன்று சந்தையில் மிகுதியாகக் காணப்படுபவை இரண்டாம் உலகப் போருக்குப் பின், குறிப்பாக 1950 முதல் 1970-கள் வரை வெளிவந்த பொருள்கள். பூதேனுக்குப் பின் பியேர் தெல்பே தலைமையேற்ற காலமும் இதில் அடங்கும். இவற்றில் திரெக்துவார் பாணியின் எலும்புக்கூட்டை எடுத்து உலோகத்தில் வார்த்தார்கள் என்று சொல்லலாம். எஃகுச் சட்டத்தில் பித்தளைப் பூண்கள், எக்ஸ் வடிவக் கால்கொண்ட முக்காலிகள், கண்ணாடித் தட்டுகள் அடுக்கிய பித்தளை நிலைகள், மேல்தட்டைத் தனியே தூக்கக்கூடிய தட்டுமேசைகள், வட்டப் பளிங்கு முகமும் அதைச் சுற்றித் துளைவேலைப் பித்தளைச் சிறுவேலியும் கொண்ட ‘புய்யோத்’ மேசைகள் ஆகியவை அடிக்கடி வருகின்றன. புய்யோத் என்பது ஒரு சீட்டாட்டத்தின் பெயர்; ஆடும்போது காசு உருண்டு விழாமல் தடுக்கவே அந்தச் சிறுவேலி. பயன்பாடு மறைந்தபின்னும் வடிவம் தங்கிவிட்டதற்கு இதைவிட அழகான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

அக்காலத்துப் பிரெஞ்சு உள் அலங்காரத்தில் விரும்பிப் பயன்பட்ட இன்னொரு பொருள், வரைந்து செதுக்கி வண்ணமிட்ட சீன அரக்குத் திரைப்பலகை. இது உலகெங்கும் ‘கோரமண்டல்’ என்றே அறியப்படுகிறது. செய்யப்பட்டது சீனாவில்; ஆனால் பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் நம் சோழமண்டலக் கரைத் துறைமுகங்களின் வழியே ஐரோப்பாவுக்குக் கப்பலேறியதால் அந்தக் கரையின் பெயர் அதன்மேல் ஒட்டிக்கொண்டது. அக்காலத்திலேயே பாரிஸ் தச்சர்கள் ஆசிய அரக்குப் பலகைகளை அறுத்து அலமாரிக் கதவுகளாகப் பதித்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் ஆடை வடிவமைப்பாளர் ஷனெல் தம் பாரிஸ் குடியிருப்பின் சுவர்களையே இத்திரைகளால் மூடினார்.

உலோகப் பொருள்களைப் பார்க்கக் கற்கும்போது முலாத்தைப் பற்றித் தெரிந்திருப்பது உதவும். பதினெட்டாம் நூற்றாண்டில் தங்கத்தைப் பாதரசத்தோடு கலந்து குழம்பாக்கி, வெண்கல வார்ப்பின்மேல் பூசி, தீயில் வாட்டினார்கள். பாதரசம் ஆவியாகிப் போகும்; தங்கம் உலோகத்தோடு பற்றிக்கொள்ளும். அந்த முலாம் ஆழமான, சற்றே மங்கலான பொன்னிறம் கொண்டது, நெடுங்காலம் நிற்பது. ஆனால் அந்த ஆவி முலாம்காரர்களின் உடலை அரித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இம்முறை மெல்ல மெல்லக் கைவிடப்பட்டு மின்முலாம் வந்தது. இருபதாம் நூற்றாண்டுப் பொருள்களில் மின்முலாமோ, மெருகிட்டு மேலே அரக்குப் பூசிய வெறும் பித்தளையோதான் இருக்கும். அரக்குப் பூச்சு தேய்ந்த இடங்களில் பித்தளை பழுப்பேறியிருப்பது வயதின் இயல்பு. அதைப் பளபளவென்று தேய்த்துவிடுவது பொருளின் நல்ல மதிப்பைக் குறைத்துவிடும். இது புதியவர்கள் மிக அடிக்கடி செய்யும் தவறு, ஒருமுறை செய்தால் திருத்த முடியாத தவறும்கூட.

இனி, முதலில் சொன்ன அந்தத் தயக்கச் சொல்லுக்கு வருவோம். ஜான்சென் பட்டறை சில பொருள்களில் ‘ஜான்சென்’ என்று முத்திரை குத்தியது, பெரும்பாலானவற்றில் குத்தவில்லை. ஓர் அறையை முழுமையாக ஒப்படைக்கும் நிறுவனத்துக்கு ஒவ்வொரு முக்காலியிலும் பெயர் போடவேண்டிய தேவை எழவில்லை. வாடிக்கையாளருக்கு அது யாருடையது என்று தெரியும், கணக்குச்சீட்டும் இருக்கும். நிறுவனம் மூடிய பின், வாரிசுகள் விற்ற பொருள்கள் பிரிந்து சிதறியபோது, அந்தச் சீட்டுகள் தொலைந்தன, பொருள்கள் மட்டும் தங்கின. அதே காலத்தில் மெசோன் பாகேஸ், மெசோன் ஷார்ல் போன்ற பிற நல்ல பிரெஞ்சு நிறுவனங்களும், பெயர் பதியாத எத்தனையோ பட்டறைகளும் பித்தளையிலும் கண்ணாடியிலும் ஒத்த சாயலில் வேலை செய்திருந்தன. வணிகர்களுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. ஜான்சென் என்பது அதிகம் அறியப்பட்ட பெயர் என்பதால், அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் பித்தளை மேசை எல்லாவற்றுக்கும் அது மெல்ல மெல்ல ஒரு பொதுப்பெயராகவே ஆகிவிட்டது. இது அந்த நிறுவனத்தின் வேலைக்காரர்களுக்கும் செய்யப்பட்ட அநீதி, பெயர் மறைந்துபோன மற்ற பட்டறைகளுக்கும் செய்யப்பட்ட அநீதி என்றே நான் நினைக்கிறேன்.

ஆகவே பட்டியல்களில் உள்ள சொற்களை எடைபோட்டுப் படிக்கவேண்டும். ‘மெசோன் ஜான்சென்’ என்று மட்டும் சொல்லி, முத்திரை இருப்பதாகவோ மூல ஆவணம் இருப்பதாகவோ குறிப்பிட்டால் விற்பவர் பொறுப்பேற்கிறார் என்று பொருள். ‘கருதப்படுவது’ என்றால், வடிவத்தையும் செய்நேர்த்தியையும் பார்த்து ஒருவர் கருத்துச் சொல்கிறார், சான்று இல்லை. ‘பாணியில்’ என்றால் அந்தச் சாயல் இருக்கிறது, அவ்வளவே. யார் செய்தார்கள், எந்த நாட்டில் என்றுகூட அது உறுதி சொல்வதில்லை. இம்மூன்றுக்கும் இடையே விலை பெரிதும் வேறுபடும், வேறுபடவும் வேண்டும்.

சொற்களைத் தாண்டிப் பொருளை நேரில் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தால், முதலில் அதைத் தூக்கிப் பாருங்கள். நல்ல பட்டறையின் பித்தளைக் கால் திடமான கம்பியாகவோ தடித்த குழாயாகவோ இருக்கும், எதிர்பார்த்ததைவிடக் கனக்கும். பிறகு கவிழ்த்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத அடிப்பகுதியில் பற்றவைப்பு எவ்வளவு தூய்மையாக அரம் போட்டுச் சமன்செய்யப்பட்டிருக்கிறது, திருகாணிகளின் தலை ஒரே மாதிரி இருக்கிறதா என்று கவனியுங்கள். மரப்பொருளானால் இழுப்பறையை வெளியே இழுத்து, பக்கப் பலகையும் முன்பலகையும் புறாவின் வால்போல் விரிந்த பற்களால் ஒன்றையொன்று கவ்வும் பொருத்தைப் பாருங்கள். எழுதுமேசையின் தோல் விரிப்பில் பொன்கோட்டு முத்திரை மூலையில் சரியாகச் சந்திக்கிறதா என்பதும் நல்ல சோதனை. இவை எதுவும் ‘ஜான்சென்’ என்று நிரூபிக்காது. நல்ல வேலையா என்பதை மட்டும் சொல்லும். புதிதாக வாங்குகிறவர் பெயரைவிட அந்த இரண்டாவது கேள்விக்கே முதலில் விடை தேடவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். நன்றாகச் செய்யப்பட்ட பெயரில்லாத மேசை, நாளைக்கும் நல்ல மேசையாகவே இருக்கும்.

நிறுவனத்தின் கடைசிப் பெரும் காட்சி பிரான்ஸில் நிகழவில்லை. 1971 அக்டோபரில், பாரசீகப் பேரரசின் 2500-ஆவது ஆண்டைக் கொண்டாட ஈரானிய மன்னர் பண்டைய பாரசீகத் தலைநகரான பெர்செபொலிஸின் இடிபாடுகளின் அருகே உலகத் தலைவர்களைக் கூட்டியபோது, பாலைநிலத்தில் எழுந்த கூடார நகரை ஜான்சென் வடிவமைத்தது. நடுவே நீரூற்று, அதிலிருந்து நட்சத்திரக் கதிர்களாகப் பிரியும் வழிகளில் ஏறத்தாழ ஐம்பது கூடாரங்கள். வெளியே துணி, உள்ளே குளிரூட்டப்பட்ட முழுமையான குடியிருப்பு. வரலாற்றுச் சாயலைப் புற உடையாக அணிவித்து, உள்ளே தற்கால வசதியை வைக்கும் ஜான்செனின் பழைய உத்தியே பெருங்கூட்டத்துக்கான அளவில் அங்கே பயன்பட்டது. உணவு பாரிஸின் மாக்சிம்ஸ் உணவகத்திலிருந்து சென்றது. எட்டு ஆண்டுகளுக்குள் அந்த அரசே கவிழ்ந்தது. துணி போய்விட்டது, கூடாரங்களின் உலோகச் சட்டங்கள் இடிபாடுகளுக்குப் பக்கத்தில் நெடுங்காலம் நின்றன.

மாளிகை முழுவதையும் ஒரே கையில் ஒப்படைக்கும் வாடிக்கையாளர்கள் அதற்குப் பின் குறைந்தார்கள். எல்லாக் கைவினையாளர்களையும் சம்பளத்துக்கு வைத்துக் காப்பாற்றுவது அத்தகைய வாடிக்கையாளர்கள் இருந்தால் மட்டுமே இயலும். ஜான்செனிடம் இளவயதில் தொழில் கற்று வெளியேறிய ஆன்ரி சாமுவேல் போன்றவர்கள் தனியாக நின்று அந்த மரபைத் தொடர்ந்தார்கள். தாய் நிறுவனம் 1989-இல் கதவை மூடியது.

பட்டியல் படங்களில் தனியே நிற்கும் மேசைகளை மட்டும் பார்த்துப் பழகியவர்கள், வாய்ப்பு நேர்ந்தால் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் லீட்ஸ் கோட்டைக்கு ஒருமுறை போய்வரவேண்டும். லேடி பெய்லியின் நூலகத்திலும் படுக்கையறையிலும் நாற்காலியும் விளக்கும் திரைச்சீலையும் சுவரின் நிறமும் பூதேன் தீர்மானித்த தூரத்தில் ஒன்றையொன்று பார்த்தபடி அங்கே இன்னும் இருக்கின்றன.